ரிஜெக்ட் பச்சைக்காரர்களின் ஒரே கச்சேரி

கீபோர்டின் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம். கறுப்புக் கட்டைகளையும் விட்டுவைக்கவில்லை. அவற்றுக்குக் கொஞ்சம் சின்னப் பொட்டு.

அது எங்கள் சபையின் கீபோர்டு. "தூசி படாமக் கொண்டுவந்து குடுத்துருவேன் ஐயா" என்று பாஸ்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் இரவல் வாங்கி வந்தது. இப்போது அது வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் தையல் ஹாலில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், கதம்ப மாலை போட்டுக்கொண்டு இருந்தது. இடது பக்கம் கத்தரிக்கோல்கள். வலது பக்கம் இன்ச் டேப்புகள். பின்னால் சாய்த்து வைத்த பேஸ் கிடாரின் கழுத்தில் சாமந்திச் சரம். உருமி மேளத்துக்கு விபூதிப் பட்டை.

"யாரு பாத்த வேல இது?" என்று கத்தினேன்.

நிட்டிங் செக்‌ஷன் தண்டபாணி அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் இன்னும் சந்தனக் கிண்ணம்.

"நாந்தானுங்க அம்மிணி. மிசினுக்கெல்லாம் பொட்டு வெக்கறோம், இதுங்களும் நம்ம ஆயுதந்தானுங்களே? உட்டுட்டா சாமி கோவிச்சுக்குமல்லோ. நல்லா இருக்குதுங்களா?"

"அண்ணே, ஆறு மணிக்கு நம்ம புரோகிராம் இருக்கு. பூசைல வச்சத எப்படி எடுத்து வாசிப்பிய?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு மெல்ல இறங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே," என்றார். "வெச்சுப்போட்டேனுங்களே."

ஆயுத பூஜை கொண்டாடும் எவருக்கும் தெரிந்த விஷயம்தான். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும் வரை தொடக் கூடாது. எங்கள் கம்பெனியில் இது இன்னும் கறார். முன்னொரு வருஷம் அவசர ஷிப்மெண்ட் என்று பூஜை முடிந்த கையோடு ஒரு மிஷினை ஓட்டி, ஓட்டியவர் விரலில் ஊசி இறங்கிவிட்டதாம். அதிலிருந்து பூஜை அன்று முதலாளி பேனாவைக்கூடத் தொட மாட்டார்.

மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரு பேண்டு, தன் முதல் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், தன் வாத்தியங்களைத் தானே சாமிக்குக் கொடுத்துவிட்டு நின்றது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

பச்சை சரியில்லை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பச்சை நிறத்தைத் திட்டி எழுதியிருந்தேன். "ஒரு கலர் மேல் இவ்வளவு கோபமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் அம்மா, இவ்வளவு கோபம்தான். எங்கள் பேண்டே அந்தக் கோபத்தில் பிறந்ததுதான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். படித்து முடித்ததும் சித்தப்பா வீட்டில் தங்கித் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரன் கேட்பதை உள்ளூர் ஆட்களுக்கும், உள்ளூர் ஆட்கள் சொல்லும் சாக்கை வெளிநாட்டுக்காரனுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லும் வேலை அது. இரண்டு பக்கமும் திட்டு விழும்.

ஏதோ ஒரு இசைத் திருவிழாவுக்கு டி-சர்ட் கேட்டு ஓர் ஆர்டர் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் பட்டை பட்டையாக. சிவப்பு உடனே தேறியது. மஞ்சளும் தேறியது. பச்சை மட்டும் தேறவே இல்லை. நாங்கள் சாயம் போட்டு அனுப்புவோம், "பச்சை சரியில்லை" என்று பதில் வரும். மறுபடி அனுப்புவோம், மறுபடி அதே பதில். எந்தப் பச்சைதான் வேண்டும் என்று கேட்டதற்கு, "இந்த இசையின் உணர்வு நிறத்தில் வர வேண்டும்" என்று ஒரு சி.டி. அனுப்பினார்கள்.

இசையின் உணர்வைப் பனியன் துணியில் கொண்டுவாருங்கள் என்று சாயப்பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னால் அடிக்க வருவார். எரிச்சலோடு அந்த சி.டி.யை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன்.

அதற்கு ரெகே என்று பெயர், ஜமைக்கா தீவில் பிறந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்கு அது சோம்பேறிகளின் பாட்டாகத்தான் பட்டது. தாளத்தில் அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. விழக் கூடாத இடத்தில் கிடார் "ச்சக்" என்றது. அடியில் பேஸ் கிடாரின் கனத்த கீழ்ச் சத்தம் மட்டும், மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்கிற ஆள் மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

துணி சாம்பிள் காட்ட வந்த தண்டபாணி அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து, ஸ்பீக்கர் இருந்த மேசையின் மேல் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை.

"இதென்ன பாட்டுங்க அம்மிணி?"

"அது ஏதோ வெளிநாட்டுப் பாட்டுண்ணே."

"இது எனக்குக் கேக்குதுங்க," என்றார்.

"எல்லாருக்குந்தான கேக்கும்?" என்றேன் நான், பெரிய அறிவாளி மாதிரி.

சரோஜா சொன்னது

அவருடைய மனைவி சரோஜாக்கா எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தார். சட்டையை மடித்து கவரில் போடும் வேகத்தைப் பார்த்தால் கண் வலிக்கும். பேச்சு மட்டும் மெதுவாக வரும். மறுநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, நேத்து உங்க ஊட்டுப் பாட்டு அவருக்குக் கேட்டுச்சாமுங்க?"

"எங்க வீட்டுப் பாட்டு இல்லக்கா, அது ஜமைக்கா பாட்டு."

"எந்த ஊடா இருந்தாலும் சரிங்க. அவருக்குக் கேட்டுச்சாமே?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. தண்டபாணி அண்ணன் குடும்பம் தலைமுறையாக நெசவு. முருகன் என்றால் உயிர். வருஷா வருஷம் பழனிக்கு நடக்கும்போது காவடிப் பாட்டு அவர்தான் பாடுவார். அவர் குரல் எடுத்தால் முன்னால் போன கூட்டம் நின்று சேர்ந்துகொள்ளுமாம். ஆனால் சின்ன வயதிலிருந்து தறிச் சத்தம், அப்புறம் நிட்டிங் மிஷின் சத்தம். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. மேல் சத்தம் எல்லாம் போய், கீழ்ச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

கோயில் பஜனையில் சுருதி விலக ஆரம்பித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மைக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. அவருக்குப் புரிந்துவிட்டது. பாடுவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலும் பாடுவதில்லை.

"கோயமுத்தூர் டாக்டர் போனது போனதுதான்னுட்டாருங்க. இருக்கறதும் போயிருமாம். காதுல மாட்டற மிசின் வாங்கிக் குடுத்தேன், கம்பெனிச் சத்தத்துல அது கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு கழட்டி வெச்சுட்டாரு." சரோஜாக்கா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கற காது இருக்கும்போதே அவரு ஒருக்கா பாடோணும் அம்மிணி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அழுதால் மானம் போகும் என்று பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன். அவர் பாட வேண்டும். எப்படியாவது பாட வைக்க வேண்டும். அன்றைக்கு முடிவு செய்ததுதான் எல்லாம்.

முதல் அடி யாருக்கு?

அவரைக் கேட்டால் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சுதி எங்க போகுதுன்னு எனக்கே தெரியாதுங்க. நாலு பேரு மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கோணும். அந்த மூஞ்சிகளை நான் பாத்துட்டனுங்க அம்மிணி. மறுக்கா வேண்டாம்."

"சரி, பாட வேண்டாம். அந்த வெளிநாட்டுப் பாட்டுல கேட்டுதுன்னீங்களே, அதை வாசிக்கியளா?"

முகம் மாறியது. அவிநாசியில் ஒரு இசைக்குழு கலைந்தபோது அவர்களுடைய பழைய பேஸ் கிடார் கிடைத்தது. கூடவே பலகைப் பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர்.

பிரிண்டிங்கில் வேலை பார்த்த அஸ்ஸாம் பையன் பிஜோய் ஹாஸ்டல் கட்டிலுக்கு மேலே ஒரு கிடாரை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். என்னை இந்தியில் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். ரெகே என்றதும் துள்ளினான். "தீதி, இது எனக்குத் தெரியும்! எங்க ஊர் பசங்க எல்லாம் வாசிக்கும்!" என்றான். ஜெனரேட்டர் பார்க்கும் ரங்கன் அருள்புரத்துக்காரர். நோம்பி என்று இங்கே சொல்லும் கோயில் திருவிழாக்களில் உருமி அடிப்பார். கீபோர்டு நான். ஊரில் சர்ச்சில் வாசித்த கை.

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து நான் வந்ததும் துணி குடோனில் ஒத்திகை. சுற்றிலும் துணி உருளைகள் அடுக்கியிருந்ததால் வெளியே சத்தம் போகாது. தண்டபாணி அண்ணன் ஸ்பீக்கரை ஒரு மரப் பலகை மேல் வைத்து, அதே பலகை மேல் வெறுங்காலோடு ஏறி நிற்பார். பேஸ் நரம்பைத் தட்டினால் பலகை அதிரும். காது கொடுக்காததைக் கால் கொடுத்தது.

எங்களுக்குள் பெரிய சண்டை தாளத்தில்தான். ரெகேவில் முதல் அடியை வெறுமனே விட வேண்டும். ரங்கனால் அது முடியவே இல்லை.

"மொத அடி வெக்காம எப்பிடிங்க வாசிக்கறது? அஸ்திவாரம் இல்லாம ஊடு கட்டறதுங்களா?" என்று உருமிக் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

பிஜோய் இந்தியில் விளக்கினான். நான் தமிழில் விளக்கினேன். ரங்கன் இரண்டு மொழியிலும் மறுத்தார்.

பலகை மேல் நின்றிருந்த தண்டபாணி அண்ணன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரங்கா, காவடி எடுக்கறவன் அந்த எடத்துல கால் வெப்பானல்லோ? அதைக் காலுக்கு உட்டுரு. நீ மிச்சத்த அடி."

அடித்தார். முதல் அடியில் அண்ணனின் கால் பலகையில் விழுந்தது. அடுத்து பிஜோயின் கிடார் "ச்சக்". அதன் பின்னால் உருமி இழுத்தது. ஜமைக்காவும் பழனிமலையும் துணி குடோனில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

பாட்டு? அண்ணன் எப்போதோ காது நன்றாக இருந்த காலத்தில் பழனிக்கு நடக்கும்போது கட்டிய காவடிப் பாட்டு.

*கால்நோக நடந்திங்கு வந்தேன் – வேலா*
*காதோரம் ஒருவார்த்தை சொல்லு*
*மேல்நோக மலையேறி நின்றேன் – உன்*
*மயிலேறி என்முன்னே நில்லு*

அதை நான்தான் பாடினேன். சபைக்குப் போகிற பெண் வேலா வேலா என்று பாடலாமா என்று ஊரில் இருந்த அம்மாவிடம் போனில் கேட்டேன். "யாரக் கூப்பிட்டா என்னட்டி, ராகமாக் கூப்பிடு" என்றாள். என் அம்மாவிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது.

நான் பாடும்போது அண்ணன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். ஒரு நாளாவது அவர் வாய் தானாகத் திறக்கும் என்று நான் காத்திருந்தேன். திறக்கவில்லை.

பச்சை கடைசி வரை தேறவில்லை, ஆர்டர் கைநழுவியது. மிஞ்சிய சாம்பிள் சட்டைகளை நாங்கள் போட்டுக்கொண்டோம். தையல் ஹால் பெண்கள் எங்களைப் பார்த்தாலே "ஏனுங்க, ரிஜெக்ட் பச்சை வருது!" என்று கிண்டலடிப்பார்கள். அதுவே பேண்டின் பெயராகிவிட்டது. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கம்பெனியிலேயே வாசிக்க முதலாளியும் சம்மதித்தார்.

அப்புறம் என்ன ஆனது

கதையின் முடிவை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடைசியில் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போன பிஜோய் திரும்பி வரவில்லை. அக்கா கல்யாணம், அப்புறம் குவாஹாட்டியில் வேலை. ரங்கன் அவிநாசி ரோட்டில் வேறு கம்பெனிக்கு மாறினார். எனக்குக் கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். சண்டையுமில்லை, சச்சரவுமில்லை. ஆளுக்கொரு பக்கம் வேலை இழுத்தது, அவ்வளவுதான். எங்கள் பாட்டை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. போட்டோகூட இல்லை.

கீபோர்டை நான் பஞ்சும் தேங்காய் எண்ணெயும் வைத்து ஒரு முழு நாள் துடைத்தேன். ஒரு கறுப்புக் கட்டை இடுக்கில் மட்டும் குங்குமம் போகவில்லை. பாஸ்டர் பார்த்துவிட்டார்.

"இது என்ன ஸ்டெல்லா?"

"தக்காளி சாஸ் ஐயா."

அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "சாஸுல சந்தன வாசன வருதே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தண்டபாணி அண்ணனுக்கு அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் காது முழுக்கப் போய்விட்டது. டாக்டர் சொன்னபடியே.

பொட்டு வைக்காத டேபிள்

இப்போது அந்த ஹாலுக்குத் திரும்புவோம்.

பூஜை முடிந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோர் கையிலும் பொரி கடலைப் பொட்டலம். தையல், செக்கிங், கட்டிங், பேக்கிங் என்று மொத்தக் கம்பெனியும் குடும்பத்தோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. சரோஜாக்கா புதுச் சேலை கட்டி பேக்கிங் பெண்களோடு முதல் வரிசையில் இருந்தார். புருஷன் பாடாவிட்டாலும் வாசிப்பதையாவது கேட்கலாம் என்று வந்தவர். அதுவும் இல்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது.

விவரம் தெரியாத பிஜோய் நேராகப் போய்ப் பூஜையில் இருந்த தன் கிடாரில் கை வைக்கப் போனான். "டேய், தொடாதே!" என்று ஹாலே கத்தியது. பயந்து கையை இழுத்துக்கொண்டான்.

"தீதி, கிடார் சாமி ஆயிடுச்சு?" என்று என்னிடம் கேட்டான்.

"ஆயிடுச்சுப்பா. நாளைக்கு மனுசனாயிரும்."

முதலாளி வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "ஏம்மா ஸ்டெல்லா, பூஜைல வெச்சதைத் தொட வேண்டாம். புரோகிராம இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம். நான் ரெண்டு வார்த்தை பேசி முடிச்சர்றேன்," என்றார்.

இன்னொரு நாள் எங்கே வரும்? தீபாவளி ஷிப்மெண்ட் தலைக்கு மேல் இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தண்டபாணி அண்ணன் சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பஜனையில் மைக் தள்ளிப் போனபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. இந்தத் தடவை மைக்கைத் தள்ளி வைத்தவர் அவரேதான்.

அப்போது ரங்கன் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொரி வெச்சிருந்த டேபிளுக்குப் பொட்டு வெச்சிருக்குதுங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். துணி வெட்டும் நீளமான டேபிள்களில் ஒன்றைச் சுவரோரம் ஒதுக்கி, அதன் மேல்தான் பொரிப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் குனிந்து நாலு காலையும் பார்த்தார்.

"வெக்கலீங்க. இதைப் பூஜைல சேத்தலை."

ரங்கன் போய் அந்த டேபிளில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அடியில் காலியான பலகை. கும்மென்று எழும்பியது.

முதலாளி யோசித்தார். பூசாரியைப் பார்த்தார். பூசாரி, "டேபிள்ல தட்டறதுக்கு ஒண்ணும் தோசமில்லீங்க" என்றார். மகராசன்.

ரங்கன் இரண்டு கையாலும் ஆரம்பித்தார், முதல் அடியை விட்டுவிட்டு. பிஜோய் இரண்டு மரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு கிடார் விழும் இடத்தில் "டக்" வைத்தான். நான் தண்டபாணி அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து, டேபிளைக் காட்டினேன். பலகை அதிர்வது கண்ணுக்கே தெரிந்தது. வெறுங்காலோடு ஏறினார். ஏறி நின்றதும் அவர் முகம் தெளிந்தது. முதல் அடியில் அவர் கால் தானாக விழுந்தது.

பாட்டு தொடங்கும் இடம் வந்தது. பாட வேண்டியவள் நான்.

வாயை இறுக மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நல்லது செய்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

அவர் என் உதட்டைப் பார்த்தார். அசையவில்லை. தாளம் ஒரு சுற்று வந்தது. மறுபடி பார்த்தார். "பாடுங்க" என்று கண்ணைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அதோடு விடாமல், "நீங்க பாடுங்க" என்று சத்தமில்லாமல் வாயசைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. கோபத்திலேயே ஆரம்பித்தார்.

*கால்நோக நடந்திங்கு வந்தேன் – வேலா...*

அய்யோ, என்ன குரல்! அந்த மெலிந்த உடம்புக்குள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்? முதல் இரண்டு வரி அப்படியே சுருதியில் நின்றது.

மூன்றாவது வரியில் மேலே ஏறும்போது விலகியது. நன்றாகவே விலகியது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு கேட்டிருக்காது. ஆனால் அவர் முகங்களைப் பார்த்தார். பாட்டு நின்றது. ரங்கனும் பிஜோயும் நிறுத்தவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் இறங்குவதற்காக டேபிள் விளிம்பில் குனிந்தார்.

கெடுத்துவிட்டோம், இனி இந்த ஜென்மத்துக்கு அவர் பாடப் போவதில்லை என்று நினைத்தேன்.

சரோஜாக்கா எழுந்து வந்தார். முதலாளி முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெண், புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் கால் வைத்து டேபிள் மேல் ஏறினார். புருஷனின் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் தொண்டை மேல் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு பாடினார்.

*காதோரம் ஒருவார்த்தை சொல்லு...*

அவர் பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை. சின்னக் குரல், நடுங்கும் குரல். ஆனால் ஒரு இழை பிசகவில்லை. எத்தனை வருஷம் கூடவே நடந்து அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்!

அண்ணன் கண்ணை மூடினார். கை தொண்டையிலேயே இருந்தது. மெல்ல அவர் குரலும் வந்து சேர்ந்தது. கைவழியாக அவருக்குச் சுருதி கிடைத்ததா, தைரியம்தான் கிடைத்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது வரியை மறுபடி எடுத்தார்கள். இரண்டு பேரும் ஏறினார்கள், ஏறிய இடத்தில் நின்றார்கள். நான் அழுதுகொண்டே கீழே நின்று கூடப் பாடினேன். பேக்கிங் பெண்கள் பாடினார்கள். பழனிக்கு நடந்தவர்கள் எல்லோரும் பாடினார்கள். பிஜோய் அர்த்தம் தெரியாமல் வேலா வேலா என்று பாடினான்.

பாட்டு முடிந்தது. ஹாலே எழுந்து கைதட்டியது.

அண்ணன் கண்ணைத் திறந்து, அசையும் கைகளைப் பார்த்தார். கேட்காத எதற்கும் அவர் ஒரு மாதிரி மரியாதையாகத் தலையாட்டுவார். அப்படித்தான் தலையாட்டினார். சரோஜாக்காவின் முகம் வாடியது. இத்தனை பேர் தட்டுவது அவருக்குப் போய்ச் சேரவில்லையே என்று அந்த முகத்தில் இருந்தது.

முன்னால் நின்ற ஓவர்லாக் டெய்லரம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். கைதட்டுவதை நிறுத்தினார். இரண்டு எட்டு முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கையாலும் அந்த டேபிளில் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு எல்லோரும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர், செக்யூரிட்டி தாத்தா, முதலாளி. கை எட்டியவர்கள் எல்லாம் டேபிளைத் தட்டினார்கள். எட்டாதவர்கள் தரையில் உட்கார்ந்து டேபிள் காலைத் தட்டினார்கள். மிச்சமிருந்த பொரி துள்ளித் துள்ளிக் கீழே கொட்டியது.

அண்ணன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது.

"கேக்குதுங்க," என்றார். "அத்தனையும் கேக்குதுங்க."